இரண்டு விதமான ‘இல்லை’

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. பேசியவர் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பொறியாளர். எங்கள் வெப்சைட்டை இனிமேல் வெளியே வாடகைக்கு எடுத்த சர்வரில் வைக்கப் போகிறார்களாம். தொழிற்சாலைக்குள் குளிர்ந்த அறையில் ஓடிக்கொண்டிருந்த சர்வர் பெட்டியை நிறுத்திவிடுவார்களாம். “நீங்களே பெட்டி வச்சு, நீங்களே நடத்துனீங்களாமே சார், எப்படிச் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன், எங்க ஆளுங்க படிப்பாங்க” என்றார்.

சமாளித்த கதைகள் நிறைய உண்டு. சமாளிக்காத ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் பெயர் சலீம். சொந்த ஊர் காவேரிப்பட்டினம். அத்தாவுக்குப் புளி வியாபாரம். எனக்கு மூட்டையும் தராசும் பிடிக்கவில்லை. டைப்ரைட்டிங் படித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஸ்டோர்ஸுக்கு கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடத் துணிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், அது கெட்டுப்போகும்போதெல்லாம் என்னையே கூப்பிட்டார்கள். மாலை வகுப்பு, பழைய புத்தகங்கள், அச்சடித்து வைத்துக்கொண்ட உதவிக் குறிப்புகள் என்று பத்து வருடம் ஓடியது. ஒருநாள் என் அடையாள அட்டையில் ‘சிஸ்டம்ஸ்’ என்று போட்டார்கள். படிப்பு என்று சொல்ல இவ்வளவுதான்.

வேலையை நான் உண்மையில் கற்றுக்கொண்டது அனுசூயா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்த பிறகு. ஆனேக்கல் பக்கத்துக்காரர், தாய்மொழி கன்னடம், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நன்றாகத் தமிழ் பேசுவார்; ஆனால் வேலை மும்முரத்தில் கன்னடம் தானாக வந்துவிடும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் கையிலிருந்தும் கீபோர்டை வாங்க மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். நாம் படிக்காமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் உடனே கேட்பார்: “நோடித்ரா, அந்த்கொண்ட்ரா?” பார்த்தீர்களா, நினைத்துக்கொண்டீர்களா என்று அர்த்தம்.

அவர் வந்த புதிதில் எடை மேடை கம்ப்யூட்டர் தினமும் நாலைந்து முறை நெட்வொர்க்கிலிருந்து அறுந்துபோகும். லாரிகள் வரிசையில் நிற்கும், டிரைவர்கள் கத்துவார்கள். கேபிள் முனையை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். “கேபிள் மட்டமான சரக்கு மேடம்” என்றேன். அவர் ஒரு நோட்டைக் கொடுத்து, பக்கத்தில் மூன்று கோடு கிழித்தார். பார்த்தது, நினைத்தது, செய்தது. “நாளைக்கு முழு ஷிஃப்டும் அங்கேயே உக்காருங்க. அறுந்துபோற நேரம் எழுதுங்க. சுத்தி என்ன நடக்குதுன்னு எழுதுங்க. எதையும் தொடாதீங்க” என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் ஷிஃப்ட் முடியும்போது ‘பார்த்தது’ பத்தியில் ஒரே வரி ஐந்து முறை இருந்தது: மேலே ஓடும் கிரேன், ஷெட்டின் கிழக்கு மூலைக்கு வந்தது. எங்கள் கேபிளை யாரோ கிரேனின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்று மீட்டர் தள்ளிக் கட்டினோம். அதன்பிறகு அது ஒருநாளும் அறுந்ததில்லை. அன்றிலிருந்து அந்த நோட்டு எனக்குப் பிடித்துப்போனது.

இனி தேவிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெலமங்கலத்துப் பெண். டேட்டா என்ட்ரிக்கு வந்தவள், ஒரே வருடத்தில் கம்பெனி வெப்சைட்டையே தனியாளாகக் கட்டிவிட்டாள். முகப்பு ஒரு நீளமான பக்கம். அதற்குப் பின்னால் நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு தனிப் பக்கம். பாகம் வைக்கும் அட்டைப் பெட்டியில் ஒரு க்யூஆர் சதுரம் அச்சடித்திருக்கும். மெக்கானிக் ஃபோனைக் காட்டினால் அந்தப் பேட்ச்சின் பக்கம் திறந்து, எப்போது செய்தது, எந்த வண்டிக்குப் போடலாம் என்று சொல்லும்.

இந்த மாதிரி வெப்சைட்டை நடத்த உலகம் முழுக்க ஒரே இலவச மென்பொருளைத்தான் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. நிர்வாகி உள்ளே நுழையும் லாகின் பக்கம் எல்லா வெப்சைட்டிலும் ஒரே முகவரியில் இருக்கும். அதனால் எங்கோ இருக்கும் திருட்டு நிரல்கள் ஆயிரக்கணக்கில் வந்து பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். தேவிகா ப்ளகின் என்கிற கூடுதல் நிரல் ஒன்றைப் போட்டு, லாகின் பக்கத்தை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டாள். பழைய முகவரிக்குப் போனால் ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று வரும். புது முகவரி தெரிந்தவர்களுக்குத்தான் கதவு. ஒரே வாரத்தில் தொல்லை நின்றது.

இவ்வளவு செய்தும் அவள் பதவி ‘டேட்டா என்ட்ரி’யாகவே இருந்தது. மாற்றச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தாள். பர்சனல் ஆபீசர் குமரேசன், டிகிரி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். கடைசி முறை இருவருக்கும் வாக்குவாதம். அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்; எல்லை தாண்டி பெங்களூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையும் பார்த்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பது பக்கத்துக்கு ஒப்படைப்புக் கோப்பு ஒன்றை எழுதி என் மேஜையில் வைத்தாள். “படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கணா” என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆலை ஓடாத நாள், வெப்சைட்டைப் பழைய சர்வர் பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு நான் மாற்றினேன். பழையதன் ஃபேன் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எல்லாக் கோப்புகளையும் நகல் எடுத்து, முகப்புப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தரக்கட்டுப்பாட்டிலிருந்து ஃபோன். மூன்று சக்கர சரக்கு வண்டிகளின் பிரேக்கில் கேம் என்று ஒரு சின்ன இரும்புப் பாகம் இருக்கும். ஒரு ஷிஃப்டில் உலையின் வெப்பம் தப்பாகக் காட்டியிருக்கிறது. அந்தப் பேட்ச் முழுக்கப் பதம் சரியில்லை. விரிசல் விடலாம். சரக்கு வெளியே போய்விட்டது. டீலர்களுக்கு விற்பனைப் பிரிவு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் டீலரிடம் வாங்கிப் போன சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளை நாங்கள் எப்படிப் பிடிப்பது? பெட்டி மேல் இருக்கும் சதுரம் ஒன்றுதான் வழி. அந்தப் பேட்ச்சின் பக்கத்தில் ‘இதைப் பூட்டாதீர்கள், பூட்டியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்’ என்று உடனே போட்டாக வேண்டும்.

பழைய முகவரியில் லாகின் பக்கத்துக்குப் போனேன். ‘இல்லை’ என்று வந்தது. அப்போதுதான் உறைத்தது, புது முகவரி எனக்குத் தெரியாது. தேவிகாவின் கம்ப்யூட்டரில் அது சேமித்து வைக்கப்பட்டிருந்தது; அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து வேறு பிரிவுக்குக் கொடுத்தாயிற்று.

விஷயம் பரவி, குமரேசன் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர். வாசலில் சூப்பர்வைசர்கள் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.

“நான் அப்பவே சொன்னேம்லா பாய். அந்தப் பிள்ள போகும்போதே முறைச்சிக்கிட்டுப் போச்சி. பூட்டிட்டுப் போயிருக்கு, பாத்துக்கிடுங்க” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் மறுக்கவில்லை. அதையும் எழுதியாக வேண்டும். அந்த நிமிஷம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

மேடம் வந்தார். என் பின்னால் நின்றார். “ஒப்படைப்புக் கோப்புல முகவரி இல்லையா?”

“கையெழுத்துப் போட்டு வாங்கினேன் மேடம்.”

“கையெழுத்தக் கேக்கல. படிச்சீங்களா?”

அலமாரியைத் திறந்தேன். பதினான்காம் பக்கத்தில், அவளுடைய உருண்டையான கையெழுத்தில் முகவரி இருந்தது. கீழே சிவப்பு மையில் ‘இதை மனப்பாடம் செய்யவும்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தின் அடியில் நான் போட்ட கையெழுத்து. அந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். மறுபடியும் ‘இல்லை’.

“தப்பான முகவரியையே எழுதிக் குடுத்திருக்கு! இது திட்டம் போட்ட வேல” என்றார் குமரேசன். அவர் தன் அறைக்குப் போய் சைபர் கிரைம் போலீஸுக்குப் புகார் எழுத உட்கார்ந்துவிட்டார் என்றும், தேவிகாவைப் பற்றி விசாரிக்க அவளுடைய புதுக் கம்பெனியிலிருந்து வந்த ஃபோனுக்கு ‘ஒரு விசாரணை நடக்கிறது’ என்று பதில் சொல்லிவிட்டார் என்றும் பிறகுதான் தெரிந்தது.

பிரேக் விஷயம். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. “ப்ளகினை நிறுத்திடலாமா மேடம்?” என்றேன். சர்வர் எங்கள் கையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. லாகின் பக்கத்தை ஒளித்து வைத்திருக்கும் ப்ளகின் ஒரு ஃபோல்டர்தான். அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டால் மென்பொருளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ப்ளகின் தானாக நின்றுவிடும். கதவு பழைய இடத்துக்கே வந்துவிடும். மேடம் தலையசைத்தார். முதலில் மொத்தத்தையும் ஒரு நகல் எடுக்கச் சொன்னார். பெயரை மாற்றிய நேரத்தைப் பலகையில் எழுதி, ‘வேலை முடிந்ததும் பழையபடி’ என்று பக்கத்தில் குறித்தார்.

மாற்றினேன். பழைய முகவரியில் லாகின் பக்கம் வந்தது. உள்ளே போனேன். முகப்பில் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை போட்டேன். பேட்ச் பக்கத்தையும் திருத்தினேன். வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். தரக்கட்டுப்பாட்டு ஆள் ஒருவர் கையிலிருந்த பெட்டியின் சதுரத்தைத் தன் ஃபோனில் காட்டினார்.

“சார், ஒண்ணும் வரலயே.”

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் திரை. கறுப்பு எழுத்தில் ‘இல்லை’.

அந்த வெள்ளைத் திரையை நான் ஏன் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தேன் என்று இன்றும் தெரியவில்லை. ஏதோ ஒன்று இடித்தது. காலையில் லாகின் பக்கம் ‘இல்லை’ என்று சொன்னபோது, மேலே எங்கள் கம்பெனி முத்திரை இருந்தது, நீலப் பட்டை இருந்தது. தேவிகாவின் முகவரியை அடித்தபோது வந்த ‘இல்லை’யில் முத்திரை இருந்ததா?

“வெள்ளையா இருந்துச்சு” என்றேன் வாய்விட்டு.

“என்னது?” என்றார் மேடம்.

“ரெண்டு விதமான ‘இல்லை’ இருக்கு மேடம். ஒண்ணு முத்திரை போட்டது. ஒண்ணு வெறும் வெள்ளை. தேவிகா கொடுத்த முகவரிக்கு வந்தது வெள்ளை. இந்தச் சதுரத்துக்கு வர்றதும் வெள்ளை.”

அவர் குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. “அப்ப ‘இல்லை’ன்னு சொல்றது யாரு?”

அதுதான் கேள்வி. நம் ஆலைக்கு ஒருவர் வந்தால், உள்ளே வரவேற்பறையில் இருப்பவர் ‘அவர் இல்லை’ என்று சொல்வது ஒன்று. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே ‘அப்படி யாரும் கிடையாது’ என்று திருப்பி அனுப்புவது வேறு. முத்திரை போட்ட ‘இல்லை’ வெப்சைட் மென்பொருள் சொன்னது. தேவிகா ஒளித்து வைத்ததன் அடையாளம். வெள்ளை ‘இல்லை’ அதற்கு முன்னாலேயே சர்வர் சொன்னது. கேள்வி மென்பொருளிடம் போய்ச் சேரவே இல்லை. தேவிகா ஒளித்தது ஒரே ஒரு கதவை. காணாமல் போயிருந்ததோ முகப்பைத் தவிர எல்லாக் கதவும்.

சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். அத்தனை பேர் பதற்றத்துக்கு நடுவில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். அடுத்த நிமிஷம் அது அடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்த ஒரு ஃபோன் நினைவுக்கு வந்தது.

கல்லாவியிலிருந்து ஒரு மெக்கானிக். “பொட்டி மேல இருக்கற சதுரத்தக் காட்னா வெள்ளையா இங்கிலீஷ்ல என்னமோ வருதுங்க சார்” என்றார். “உங்க பக்கம் டவர் சரியில்ல, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க” என்று வைத்துவிட்டேன். பார்க்கவில்லை. நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமையே வெள்ளை என்றால், அதற்கு முன் என்ன நடந்தது? என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். மேஜைக்கு அடியில் கிடந்த பழைய பெட்டியை இழுத்து, மின்சாரம் கொடுத்து, ஒரு லேப்டாப்பை நேராக அதோடு கேபிளில் இணைத்தேன். ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியது. பதினான்காம் பக்கத்து முகவரியை அடித்தேன்.

லாகின் பக்கம் திறந்தது. அவள் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி.

இரண்டு பெட்டிகளிலும் கோப்புகளின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே மாதிரி இருந்தது. “எல்லாத்தையும் காட்டச் சொல்லிப் பாருங்க” என்றார் மேடம். எங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸில் ஒரு வழக்கம். பெயர் புள்ளியில் ஆரம்பித்தால் அந்தக் கோப்பு சாதாரணப் பட்டியலில் தெரியாது. ‘எல்லாம்’ என்பதற்கு நட்சத்திரக் குறி போட்டு நகல் எடுத்தாலும் அது விட்டுப்போகும். மறைந்திருப்பதையும் காட்டும்படி கட்டளை கொடுத்தேன். பழைய பெட்டியில் ஒரு வரி கூடுதலாக வந்தது. புள்ளியில் ஆரம்பிக்கும் ஒரு சின்னக் கோப்பு. அதில் பத்துப் பன்னிரண்டு வரிதான். சர்வருக்கு அது சொல்வது இவ்வளவே: ‘கேட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால் நீயே திருப்பி அனுப்பாதே, உள்ளே கேள்.’ ஞாயிற்றுக்கிழமை அதை நான் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

கோப்பைப் புதுப் பெட்டிக்கு எடுத்து வைத்தேன். சதுரம் திறந்தது. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. ப்ளகின் ஃபோல்டருக்குப் பழைய பெயரைக் கொடுத்தேன். தேவிகாவின் முகவரியும் திறந்தது. மணி பன்னிரண்டு ஆகவில்லை.

“நான்தான் மேடம்” என்றேன்.

அவர் நோட்டை என் பக்கம் தள்ளி, “முதல்ல கல்லாவிக்கு ஃபோன் பண்ணுங்க. அப்புறம் எழுதுங்க” என்றார்.

அந்த மெக்கானிக்கிடம் அந்தப் பேட்ச்சில் இரண்டு பெட்டி இருந்தது. ஒன்றைச் செவ்வாய்க்கிழமையே ஒரு பால் வண்டியில் பூட்டிவிட்டார். “வண்டி ஊத்தங்கரை தாண்டிப் போயிருக்கும் சார், இருங்க, நிக்க வைக்கறேன்” என்றார். அரைமணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, ரோட்டோரம் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அந்த அரைமணி நேரம் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த கேம் இரண்டு நாளில் எங்கள் சோதனைக் கூடத்துக்கு வந்தது. மயிரிழை அளவு விரிசல் ஆரம்பித்திருந்தது.

‘செய்தது’ பத்தியை எழுதி முடித்து, தாளோடு குமரேசன் அறைக்குப் போனேன். புகார் டைப் அடித்துத் தயாராக இருந்தது. என் தாளைப் படித்தார். முகம் மாறியது. தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“டெக்னிக்கல் கோளாறுன்னு போட்ருவோம் பாய். உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்குது. எதுக்கு வம்பு?”

ஆசையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு விநாடி நின்றேன். பிறகு, வேலைக்கு எடுப்பவர்கள் பழைய இடத்தில் விசாரிப்பார்களே என்று நினைவு வந்து, “அவ புதுக் கம்பெனிக்கு நீங்க என்ன சொன்னீங்க சார்?” என்று கேட்டேன். அப்போதுதான் அந்த விசாரணைப் பேச்சு வெளியே வந்தது. திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும்.

“அதுக்கு ஒரு லெட்டர் வேணும் சார். இன்னிக்கே வேணும். என் பேர் போட்டே எழுதுங்க.”

மறுநாள் காலை எட்டரைக்கு, ஷெட் வாசலில் தினமும் நடக்கும் கூட்டத்தில், மேடத்திடம் கேட்டு இரண்டு நிமிஷம் வாங்கினேன். முந்தைய நாள் வாசலில் நின்று கேட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். “லாகின் பக்கம் திறக்காததுக்குக் காரணம் தேவிகா இல்ல. அவங்க எழுதிக் கொடுத்தது அத்தனையும் சரி. படிக்காம கையெழுத்துப் போட்டது நான். ஞாயித்துக்கிழமை ஒரு ஃபைல விட்டுட்டு வந்ததும் நான்” என்றேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தான்.

தேவிகாவுக்கு நான் முந்தைய நாளே இரண்டு தடவை ஃபோன் செய்திருந்தேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவளே கூப்பிட்டாள். புதுக் கம்பெனிக்குக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்களாம். மீட்டிங்கில் நான் பேசியதையும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“மன்னிச்சுடும்மா” என்றேன்.

அவள் கேட்டாள்: “எந்த ஃபைல்ணா?”

சொன்னேன்.

“ஐயோ, அந்தப் புள்ளி ஃபைலா?” என்று சிரித்துவிட்டாள். “போன வருஷம் டெஸ்ட் பெட்டிக்கு மாத்தறப்ப நானும் அதேதாணா விட்டேன். ஒரு நாள் பூரா மண்டைய ஒடச்சுக்கினேன்.”

நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு முதலில் நின்றது.

“ஆனா நான் அன்னிக்கு யார் பேரையும் சொல்லலணா” என்றாள்.